இல்வாவின் எச்சில்

ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பல் கெட்டுப்போகிறது. அதையெல்லாம் யார் பேசுகிறார்கள்? ஆனால் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவளின் மகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வந்தால் மட்டும் எல்லோருக்கும் கண் தெரிந்துவிடும். கடையில் பால் வாங்க நின்றால் கேட்பார்கள். பனிச்சறுக்குப் பாதையில் எதிரே வருகிறவர்கள்கூட நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பார்கள்.

"என்ன மரித்தா, ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் அந்த வெரட்டு வெரட்டுற, உன் பொண்ணு பல்லு வெளக்க மாட்டேங்குறாளாமே?"

கேட்டுவிட்டுச் சிரிப்பு வேறு. மரித்தாவும் சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்ததும் கையுறையைக் கழற்றி மேசைமேல் ஓங்கி அடிப்பாள்.

சுவீடனின் வடக்குக் கோடியில் அந்த ஆற்றங்கரை ஊர்களின் பிள்ளைகள் அத்தனை பேரும் மரித்தாவின் நாற்காலியில் வாயைப் பிளந்து உட்கார்ந்தவர்கள்தான். பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்வது அவள் வேலை. திட்டுவது அவளாகச் சேர்த்துக்கொண்ட வேலை. "நீ வாயால பொய் சொல்லலாம்டா. உன் ஈறு என்கிட்ட பொய் சொல்லாது," என்பாள். பெரிய பெரிய விறகுவெட்டிகளே அந்த வார்த்தைக்குக் குழந்தைபோல் முழிப்பார்கள். மிட்டாய் சனிக்கிழமை மட்டும்தான் என்பது அந்த நாட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அன்றைக்குக் கடையில் கரண்டியால் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, அன்றைக்கே தின்று, அன்றைக்கே பல் விளக்கிவிட வேண்டும். புதன்கிழமை ஒரு பிள்ளையின் கன்னம் உப்பியிருந்தால் மரித்தாவுக்குத் திருடனைப் பார்த்த மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் இல்வா மகளாக வந்து பிறந்தாள்.

அந்த ஆற்றங்கரைக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு பொல்லாத நோய் உண்டு. கிருமியோடு சண்டை போடும் வெள்ளணு ரத்தத்தில் இருக்கவே இருக்காது. முன்பெல்லாம் அப்படிப் பிறந்த குழந்தைகள் தங்காது. மரித்தாவின் அண்ணன் ஒருவன் தொட்டிலிலேயே போனவன். இல்வா பிறந்த சமயத்தில்தான் புதிதாக ஓர் ஊசி வந்தது. பனி வாரும் வண்டி ஓட்டுகிற அப்பா ஹோகன், தடித்த விரல்களை வைத்துக்கொண்டு, தினமும் மாலையில் மகளின் தொடையில் அந்த ஊசியைப் போடக் கற்றுக்கொண்டான். ஊசி வேலை செய்தது. வெள்ளணு வந்தது. "ரத்தம் இப்ப நம்ம ரத்தம் மாதிரிதான், ஒரு குறையும் இல்ல," என்று பெரிய மருத்துவமனையில் கையைக் குலுக்கி அனுப்பினார்கள். சாக வேண்டிய பிள்ளை பிழைத்துவிட்டது! பெற்றவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஈறு மட்டும் ஆறவில்லை. பால்பல் காலத்திலேயே தொடங்கியது. நிலைப்பற்கள் முளைத்த பிறகும் சிவந்து, உப்பி, தொட்டால் ரத்தம்.

ரத்தத்தில்தான் குறையில்லை என்று சொல்லிவிட்டார்களே. அப்படியென்றால் குறை யாரிடம்?

மரித்தா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளைக் குளியலறை விளக்கடியில் நிறுத்துவாள். அழுக்கு இருக்கும் இடத்தைச் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கிற மாத்திரை ஒன்று உண்டு. அதை மென்று துப்பச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்ப்பாள். கேளுங்கள், இதுதான் கொடுமை: பல்லில் சிவப்பே இருக்காது. பளிச்சென்று இருக்கும். வேறு யாராவது பார்த்திருந்தால், பிள்ளை ஒழுங்காகத்தான் விளக்குகிறது, கோளாறு வேறெங்கோ என்று நினைத்திருப்பார்கள். மரித்தா இருபது வருடம் பிள்ளைகளின் தில்லுமுல்லுகளைப் பார்த்து ஊறியவள். அவளுக்கு வேறு கணக்கு ஓடியது.

"நான் பாக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மட்டும் தேய்ச்சுட்டு வர்றியா? பகல்ல பூரா என்னடி பண்ணுற?"

"காலையில வெளக்குறேன், பள்ளிக்கூடத்துலயும் வெளக்குறேன், இப்பவும் வெளக்கினேன்."

"அப்ப ஈறு ஏன் இப்படி இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? நீதானே பல்லு ஆளு."

"வாய்க்கு வாய் பேசாத! ஈறு பொய் சொல்லாது."

ஹோகன் கதவோரம் நின்று, "விடு மரித்தா, பாவம்," என்பான். "உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ போய்ப் பனியை வாரு," என்று பதில் வரும். அவன் போய்விடுவான். நல்ல மனிதன்தான். ஆனால் அந்த வீட்டில் பல்லைப் பற்றிப் பேச அவனுக்கு உரிமை இருந்ததில்லை.

இல்வாவுக்குப் பன்னிரண்டு முடிந்த இலையுதிர் காலத்தில், பல் டாக்டர் ரூனே ஒரு எக்ஸ்ரே எடுத்தார். மரித்தாவோடு இருபது வருடமாகக் காப்பி குடித்துக் கிழவரானவர் அவர். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு வெகுநேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கீழ முன்பல்லு ரெண்டும் எலும்ப விட்டுடுச்சு, மரித்தா. ஆடுது. எடுக்கத்தான் வேணும். மத்ததும் அதே வழியிலதான் போகுது. எனக்கென்னமோ இது விளக்காத வாய் மாதிரி தெரியல. தெற்க பெரிய ஆளுங்க யாருக்காவது அனுப்பிக் கேக்கலாமான்னு பாக்குறேன்."

மரித்தாவுக்குக் காது அடைத்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கிழவி வாய்! அதுவும் யாருடைய பிள்ளைக்கு? "கொஞ்சம் பொறுங்க ரூனே. நான் முதல்ல வீட்டுல பேசிக்கிறேன்," என்றாள்.

அவள் பேசியதைப் பேச்சு என்று சொல்லக் கூடாது. விசாரணை என்று சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்க அதுதான். சாப்பாட்டு மேசையில் கேட்டாள். காரில் கேட்டாள். பள்ளிப் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தாள். அகப்பட்டது ஒரு பல் விளக்கும் பிரஷ்தான், அதையும் கையில் பிடித்துக்கொண்டு, "இது என்ன, யாருக்குக் காட்ட?" என்று கேட்டாள். இல்வா ஒவ்வொரு தடவையும் இல்லை, இல்லை, இல்லை என்றாள். கடைசியில் ஒரு மாலை, உருளைக்கிழங்கு உருண்டை வெந்துகொண்டிருந்த அடுப்பங்கரையில், மரித்தா உடைந்துபோனாள். நாற்காலியில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, விக்கி விக்கி அழுதாள்.

"உன்ன சாவுலேருந்து இழுத்துட்டு வந்தோமேடி. ஒரு பல்லை என்னால காப்பாத்த முடியலயே. உண்மையச் சொல்லிடு, நான் திட்ட மாட்டேன். சத்தியமா திட்ட மாட்டேன்."

இல்வா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்தது. அவள் போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து சொன்னாள்.

"ஆமா. திங்கிறேன். சனிக்கிழமை இல்லாத நாள்லயும் மிட்டாய் திங்கிறேன். பிரஷ்ஷை நனைச்சு மட்டும் வெச்சுட்டு வந்துடுவேன்."

மரித்தாவுக்கு அப்போது வந்தது கோபமா? இல்லை. நிம்மதி. சொல்லவே நாக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை எடுத்தது போல இருந்தது. எழுந்து மகளைக் கட்டிக்கொண்டாள். தலையில் முத்தம் கொடுத்தாள். உருண்டையை வெண்ணெயில் புரட்டி அவளுக்குத்தான் முதலில் பரிமாறினாள். அன்றிரவு அவள் அசந்து தூங்கினாள்.

மறுநாள் ரூனேயிடம், "நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவளே ஒத்துக்கிட்டா," என்றாள். ரூனே எக்ஸ்ரே படத்தை உறைக்குள் செருகினார். "அப்பிடியா? சரி, பெத்தவ நீ சொல்லுற," என்றார். தெற்கே அனுப்பும் பேச்சு அதோடு நின்றது. சனிக்கிழமை மிட்டாயும் இல்வாவுக்கு நின்றது. ஆறு உறைந்து அதன்மேல் வண்டி போகத் தொடங்கிய சமயம், கீழ் முன்பற்கள் இரண்டும் ரூனேயின் தட்டில் விழுந்தன. மரித்தாதான் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டாள். பள்ளியில், "பல்லு வீட்டுப் பொக்கைவாய்" என்று பெயர் வைத்தார்கள். மொறுமொறுப்பான ரொட்டியைக் கடிக்க முடியாமல் இல்வா அதை உடைத்துப் பாலில் போட்டுத் தின்றாள். ஒரு வார்த்தை முனகவில்லை. தண்டனையை ஏற்றுக்கொண்டாள், நல்லது, திருந்துகிறாள் என்று மரித்தா நினைத்தாள்.

வசந்தம் வருவதற்குள் குனில்லா வந்தாள். ஸ்டாக்ஹோமில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒல்லியான, வேகமாகப் பேசுகிற பெண். அந்த நோய் இருக்கிறவர்களின் எச்சில் வேண்டும் என்று ஆற்றங்கரை நெடுக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். பெற்றவர்களின் எச்சிலும் வேண்டுமாம், ஒப்பிட்டுப் பார்க்க.

மெழுகுத் துண்டை மென்று, குழாயில் துப்ப வேண்டும். குனில்லா அதை வாங்கிப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள்.

"என் எச்சிலுக்கு இவ்வளவு மரியாதையா?" என்றாள் இல்வா, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

"ராஜாவோட எச்சிலா இருந்தாக்கூட இவ்வளவு பத்திரமாக் கொண்டு போக மாட்டேன்," என்றாள் குனில்லா. இல்வா சிரித்தாள். அவள் சிரித்து மரித்தா பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஆற்றில் பனி உடைந்து பாளம் பாளமாக மிதந்து போகும் நாளில் குனில்லா திரும்ப வந்தாள். ரூனேயின் அறையில் விளக்குப் பெட்டியைப் போட்டு, அதன்மேல் ஒரு சின்னப் படச்சுருள் துண்டை ஒட்டினாள். எக்ஸ்ரே போலத்தான் இருந்தது. ஆனால் பல்லும் இல்லை, எலும்பும் இல்லை. வரிசையாகக் கறுப்புப் பட்டைகள் மட்டும்.

"இது நீங்க," என்று முதல் பட்டையைத் தொட்டாள். "இது உங்க வீட்டுக்காரர். இது இல்வா."

மூன்றாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் வெளிச்சம்.

"எங்க?" என்றாள் மரித்தா.

"அதான். இல்ல."

"புரியல."

குனில்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நம்ம உடம்பே சொந்தமா மருந்து காய்ச்சுது, மரித்தா. குட்டிக் குட்டிப் புரதத் துண்டு. பெப்டைடுன்னு சொல்லுவோம். இந்தக் கறுப்புப் பட்டை அதுதான். தோல்ல, கண்ணீர்ல, குடல்ல, எச்சில்ல, எல்லா எடத்துலயும் இருக்கு. கிருமி வந்தா அதோட மேல்தோல்ல போய் ஒட்டிக்கும். ஒட்டி, ஓட்டை போட்டுடும். கிருமி அங்கயே காலி. வெள்ளணு மூட்டை கட்டித் தூக்கிட்டு வர்ற ஆயுதத்துல இது ஒண்ணு. ஊசி போட்டதுல இல்வாவுக்கு வெள்ளணு வருது, நல்லா வருது. ஆனா வெறுங்கையோட வருது."

"வெறுங்கையா..."

"ஈறுக்கு அடியில, பிரஷ் போகாத எடத்துல, ஒரு கிருமி குடியிருக்கு. நமக்கெல்லாம் இந்தப் பெப்டைடுதான் அத அங்க தலைதூக்க விடாம வெக்குது. இவளுக்குக் காவலே இல்ல. நாள் பூரா விளக்கினாலும் அந்த ஈறு அழுகத்தான் செய்யும்."

மரித்தா எழுந்து நின்றாள். "எச்சில் மாறியிருக்கும். குழாய மாத்தி வெச்சிருப்பீங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். திருப்பித் திருப்பிப் பண்ணிப் பாத்துட்டேன். இந்த ஆத்தங்கரையில நோய் இருக்கிற அத்தனை பேருக்கும் இதே கதைதான். ஒருத்தனத் தவிர. அவனுக்கு வெள்ளணு பொறக்குற எலும்பு மஜ்ஜையையே மாத்திட்டாங்க. அவனுக்குப் பட்டை இருக்கு. ஈறும் ரோஜாப்பூ மாதிரி இருக்கு."

"இல்ல. இருக்கவே முடியாது." மரித்தாவின் குரல் கீச்சிட்டது. "அவ வெளக்கறதில்ல. மிட்டாய் திங்கிறா. அவளே ஒத்துக்கிட்டா!"

குனில்லா புருவத்தைச் சுருக்கினாள். "எத ஒத்துக்கிட்டா? நான் அவ பல்லையும் பாத்தேனே. இந்த ஆத்தங்கரையிலயே அவ பல்லுதான் சுத்தம். ஒரு சொத்தை கிடையாது. தெனமும் மிட்டாய் திங்கிற வாயா அது?" பிறகு ரூனேயின் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும். இப்படி ஒரு பொண்ணு இருக்கான்னு நீங்க ஏன் முன்னாடியே எங்களுக்குச் சொல்லல? அந்தக் கிருமிய மருந்து குடுத்து அடக்கிப் பாத்திருக்கலாம். அந்த ரெண்டு பல்லும் நின்னிருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நின்னிருக்கலாம்."

ரூனேயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. அவர் மரித்தாவைப் பார்க்கவில்லை. காப்பிக் கோப்பையைப் பார்த்தார்.

ஒரு சொத்தைகூட இல்லை! தினமும் கண்ணாடி விட்டுப் பார்த்தவள் அவள்தானே. சர்க்கரை தின்றால் சொத்தை விழும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவள் அவள்தானே. சொத்தையே இல்லாத வாயைத் தினம் தினம் விளக்கு போட்டுப் பார்த்துவிட்டு, மிட்டாய்த் திருடி என்று தீர்ப்பு எழுதியவளும் அவள்தான். கண்ணெதிரே பல்லெல்லாம் நிரபராதி என்று சொல்லிக்கொண்டிருக்க, அவள் அதைக் களவு என்று படித்திருக்கிறாள். மேசை விளிம்பைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். பல்லைப் பிடுங்கும்போது எச்சில் குழாயைப் பிடித்திருந்த அதே கை.

கார் ஓட்டி எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கார் விளக்கை அணைக்காமல், காலணியைக் கழற்றாமல், ஈரக்காலோடு நேரே மகளின் அறைக்குப் போனாள். இல்வா கட்டிலில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தன்னையறியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குனில்லா வந்திருந்தா," என்றாள் மரித்தா. சொல்ல வேண்டியதை எல்லாம் முன்னுக்குப் பின்னாகக் கொட்டினாள். கறுப்புப் பட்டை, வெறும் வெளிச்சம், வெறுங்கை, பிரஷ் போகாத இடம். இல்வா மடியிலிருந்த நோட்டை மூடி வைத்தாள்.

"அப்ப என் எச்சில்ல அது இல்லவே இல்லையா?"

"இல்லடி."

"பொறந்ததுலேருந்தா?"

"பொறந்ததுலேருந்து."

இல்வா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மரித்தா கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"ஏன்டி ஒத்துக்கிட்ட? பண்ணாத தப்பை ஏன் பண்ணினேன்னு சொன்ன?"

"நீ அழுத."

"அதுக்கு?"

"உண்மையச் சொல்லச் சொல்ல நீ அழுதுட்டே இருந்த. நான் திங்கிறேங்கிறத ஒண்ணத்தான் நீ நம்புற மாதிரி இருந்துச்சு. சொன்னேன். ஒடனே கட்டிப் பிடிச்சுக்கிட்ட." அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை, மரித்தாவை அதுதான் கொன்றது. "அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா."

"என்ன சந்தேகம்?"

"ஈறு பொய் சொல்லாதுன்னு நீ சொல்லுவியே. நான் திங்கல, ஆனா ஈறு திங்கிறேன்னு சொல்லுது. அப்ப தூக்கத்துல எந்திரிச்சுப் போய்த் திங்கிறேனோன்னு தோணுச்சு. வால்பரித் தெருவுல ஒரு பையன் தூக்கத்துல நடக்குறான்ல, அந்த மாதிரி. அதனால தூங்கப் போறப்ப கதவுக் கைப்பிடியிலேருந்து கட்டில் கால் வரைக்கும் நூல் கட்டி வெப்பேன். எந்திரிச்சுப் போனா அறுந்திருக்கும்ல. காலையில பாப்பேன்."

மரித்தா கதவுக் கைப்பிடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அறுந்துதா?" என்று எப்படியோ கேட்டாள்.

"ஒரு நாளும் அறுந்ததில்ல. அப்பக்கூட, தூக்கத்துலயே திரும்பக் கட்டி வெச்சுட்டுப் படுத்துட்டேனோன்னு நெனச்சேன்."

மரித்தா தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை. மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உன்ன நம்பியிருக்கணும். பெத்தவ, நான் நம்பலயேடி..."

"நானே என்னைய நம்பலயேம்மா," என்றாள் இல்வா.